தீர விசாரிப்பதே மெய்

"கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்று என் பாட்டி அடிக்கடி சொல்வாள். காதால் கேட்டது பொய்யாகலாம், சரி. கண்ணால் பார்த்தது எப்படிப் பொய்யாகும் என்று சின்ன வயசில் அவளோடு வாதாடியிருக்கிறேன். நாற்பது வயசுக்கு மேல்தான் அதற்குப் பதில் கிடைத்தது. அதுவும் ஒரு போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து!

எங்கள் வீடு திருவண்ணாமலையில் ரமணாசிரமத்துக்கு எதிர்ப்பக்கம் உள்ள ஒரு சந்தில். வாசலில் நின்றால் மலை தெரியும். சந்து முனைக்கு வந்தால் செங்கம் ரோடு. ஒரு பக்கம் பஸ், லாரி. இன்னொரு பக்கம் ஆட்டோ, ஸ்கூட்டரில் போகும் வெள்ளைக்காரர்கள். நடுவில் செருப்பில்லாமல் கிரிவலம் போகிறவர்கள். பௌர்ணமி வந்தால் கேட்கவே வேண்டாம். இத்தனை வருஷமாக இந்த ரோட்டைப் பார்த்துப் பழகிவிட்டதால், இங்கே எது நடந்தாலும் எனக்குத் தெரியும் என்று ஒரு நினைப்பு.

இரண்டு வருஷத்துக்கு முன், ஐப்பசி மாதம். சாயங்காலம் ஆறரை மணி இருக்கும். மாமியாருக்கு பிளட் பிரஷர் மாத்திரை தீர்ந்துவிட்டது. என் நாத்தனார் மகன் அப்போது எங்கள் வீட்டில் தங்கி பாலிடெக்னிக்கில் படித்துக் கொண்டிருந்தான். பதினெட்டு முடிந்து, லைசென்ஸ் வாங்கி நாலு மாதம்.

"கண்ணு, மழை வர்ற மாதிரி இருக்கு. ஸ்கூட்டரை எடுத்துக்கிட்டு மருந்துக் கடைக்குச் சட்டுனு போய்ட்டு வந்துடு" என்றேன்.

"இதோ போய்ட்டு வந்துடறேன் அத்தை" என்று கிளம்பினான். ஹெல்மெட் ஆணியில் தொங்கியது. இதோ இருக்கிற கடைக்கு எதற்கு என்று நானும் சொல்லவில்லை, அவனும் எடுக்கவில்லை.

அவன் வண்டியை வெளியே எடுப்பதற்குள் நான் கூடையை எடுத்துக்கொண்டு சந்து முனைக்கு நடந்துவிட்டேன். அங்கே ஒரு அம்மா தினமும் கீரை விற்பாள். முளைக்கீரையா, அரைக்கீரையா என்று பார்த்துக் கொண்டிருந்தபோது 'மடார்' என்று ஒரு சத்தம். திரும்பினால் நடு ரோட்டில் ஸ்கூட்டர் கிடக்கிறது. பையன் காலைப் பிடித்துக்கொண்டு அலறுகிறான். ஒரு வாடகைக் கார் குறுக்கே நிற்கிறது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. கார் டிரைவர் இறங்கி ஓடி வந்தான். அவனும் சின்னப் பையன்தான். இருபத்தைந்து வயசு இருந்தால் அதிகம். கூட்டம் கூடியது. யாரோ அவனைக் கன்னத்தில் அறைந்தார்கள். அறை வாங்கிக்கொண்டே அவன் 108-க்கு போன் செய்து வழி சொல்லிக் கொண்டிருந்தான். அதுகூட அப்போது எனக்கு உறைக்கவில்லை. ஆம்புலன்ஸில் பையனோடு நானும் ஏறிக்கொண்டேன். வலது காலில் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிவு. நெற்றியில் ஐந்து தையல்.

மறுநாள் போலீஸ் ஸ்டேஷனில் வாக்குமூலம் கேட்டார்கள். நான் தயங்கவே இல்லை. "என் கண்ணால பார்த்தேன் சார். பையன் ஓரமா நேரா போய்க்கிட்டு இருந்தான். கார் பேய் மாதிரி வந்து பின்னால இடிச்சிடுச்சு. இருட்டற நேரத்துல லைட்டும் போடலை, ஹாரனும் அடிக்கலை" என்றேன். எழுதிக் கொண்டார்கள். படித்துக் காட்டினார்கள். கையெழுத்துப் போட்டேன். அதன் பேரில்தான் எஃப்.ஐ.ஆர். பதிவாயிற்று.

சகோதரிகளே, ஒன்று மட்டும் சத்தியமாகச் சொல்கிறேன். நான் பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. அத்தனையும் என் மனக்கண்ணில் சினிமா மாதிரி தெரிந்தது!

ரோடு சொன்ன சாட்சி

விபத்து நடந்த அன்று நாங்கள் ஆஸ்பத்திரியில் தவித்துக் கொண்டிருந்தபோது, போலீஸ்காரர்கள் ரோட்டில் டேப் வைத்து அளந்து கொண்டிருந்தார்களாம். பூக்காரம்மா சொன்னாள்: "சாக்பீஸுல கோடு போட்டு, போட்டோ புடிச்சு, இன்னாத்தையோ அளந்துகினே இருந்தாங்கம்மா. அப்புறம்தான் மழை ஊத்துச்சு."

"பையன் உயிருக்குப் போராடறான், இவங்க ரோட்டை அளக்கறாங்களா?" என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அந்த அளவுதான் பின்னால் எல்லாருக்கும் நியாயம் சொன்னது. ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் மழை அத்தனையையும் கழுவிக்கொண்டு போயிருக்கும்.

பத்து நாள் கழித்து சப் இன்ஸ்பெக்டர் என்னையும் என் கணவரையும் வரச் சொன்னார். ரிடையர் ஆகப் போகிற வயசு; நிதானமான மனிதர். ஸ்டேஷன் பின்பக்கம் நிறுத்தியிருந்த எங்கள் ஸ்கூட்டரிடம் அழைத்துப் போனார்.

"அம்மா, நேரா போற வண்டியைப் பின்னாலேருந்து கார் இடிச்சா, முதல்ல எது உடையும்?"

"பின் லைட்" என்றேன்.

"பாருங்க."

பார்த்தேன். பின் லைட் முழுசாக இருந்தது. நம்பர் பிளேட் ஒரு நெளிவுகூட இல்லை. உடைந்திருந்தது வலது பக்கம்: கால் வைக்கும் இடம் உள்ளே மடிந்து, வலது கைப்பிடி வளைந்திருந்தது. காரில் உடைந்தது முன் இடது விளக்கும் அதன் கீழ் பம்பரும். பையனுக்கு முறிந்ததும் வலது கால். காரின் பம்பர் உயரத்தில்.

"இந்த மூணையும் பொருத்திப் பாருங்கம்மா. வண்டி சந்திலேருந்து வெளியே திரும்பறப்போ பக்கவாட்டுல பட்டிருக்கு. பின்னால இல்லை" என்றார்.

எனக்கு வாயடைத்துப் போயிற்று. அப்புறம் அவர் ஒவ்வொன்றாக விளக்கினார். நம் வீட்டுப் பெண்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

ஒன்று, மோதிய இடம் எது என்று கண்டுபிடிப்பது. வண்டிகள் மோதிய பிறகு உருண்டு எங்கேயோ போய் நிற்கும். ஆனால் மோதிய அதிர்ச்சியில் அடிப்பக்கம் காய்ந்து ஒட்டியிருக்கும் சேறு பொலபொலவென்று உதிரும். கண்ணாடித் தூளும் அங்கிருந்தே சிதற ஆரம்பிக்கும். கீழே விழுந்த வண்டி தாரில் கீறிக்கொண்டே போகும். அந்தக் கீறல் ஆரம்பிக்கிற இடத்தையும் பார்ப்பார்கள். எங்கள் விஷயத்தில் சேறும் கண்ணாடியும் ரோட்டு ஓரத்தில் இல்லை. நடுவை ஒட்டிக் கிடந்தன. 'ஓரமாக நேராகப் போனான்' என்று நான் சொன்னது அதிலேயே அடிபட்டுப் போனது.

இரண்டாவது, வேகம். பிரேக்கை அழுத்தி மிதித்தால் சக்கரம் சுழலாமல் தேய்ந்து தாரில் கறுப்புக் கோடு விழும். அதன் நீளத்தை வைத்துக் கணக்குப் போடலாம். காய்ந்த தார் ரோட்டில் மணிக்கு 30 கிலோமீட்டரில் வருகிற கார் ஏறக்குறைய 5 மீட்டர் தேய்த்து நிற்கும். 60-ல் வந்தால் 10 மீட்டர் இல்லை, 20 மீட்டர்! வேகம் இரண்டு மடங்கானால் தேய்மானம் நாலு மடங்கு. மழை ரோடானால் இன்னும் தூரம் போகும். இதற்கு முன்னால், கண் பார்த்து, மூளை சொல்லி, கால் பிரேக்கைத் தொடுவதற்கே ஒரு விநாடிக்கு மேல் ஆகிவிடும். 40 கிலோமீட்டர் வேகத்தில் அந்த ஒரு விநாடியில் கார் 11 மீட்டர் ஓடிவிடுகிறது.

அந்தக் கார் தேய்த்த கோடு 6 மீட்டர். மோதும்போது கொஞ்சம் வேகம் மிச்சம் இருந்திருக்கும் என்று சேர்த்துக் கணக்குப் பார்த்தாலும் 40 சுமாருக்குத்தான் வருகிறது. நான் 'பேய் வேகம்' என்றது அதுதான்.

மூன்றாவது, விளக்கு. வண்டிகளை 'பிரேக் இன்ஸ்பெக்டர்' வந்து பார்ப்பார் என்று நாம் சொல்கிறோமே, அந்த மோட்டார் வாகன ஆய்வாளர் பிரேக், டயர், ஸ்டீயரிங், விளக்கு எல்லாவற்றையும் சோதிப்பார். பழைய மாதிரி பல்புக்குள் மெல்லிய கம்பிச் சுருள் இருக்கும். விளக்கு எரியும்போது அது பழுக்கக் காய்ந்து இளகியிருக்கும். அந்த நேரத்தில் பலமான அடி விழுந்தால் சுருள் நெகிழ்ந்து நீண்டுவிடும். அணைந்திருந்தால் அப்படி நீளாது. அந்தக் காரின் இடது பல்பில் சுருள் நீண்டிருந்தது. விளக்கு எரிந்து கொண்டுதான் இருந்தது! (இப்போது வரும் எல்.இ.டி. விளக்கில் கம்பிச் சுருளே கிடையாது. அதனால் இந்த வித்தை அதில் பலிக்காது.)

நிற்காமல் போய்விட்ட வண்டியாக இருந்தால் பெயிண்ட் துணுக்கு உதவும் என்றார். காரின் மேல் பெயிண்ட் ஒரே பூச்சு இல்லை. அடிப்பூச்சு, நிறம், மேல் பளபளப்பு என்று அடுக்கடுக்காக இருக்கும். அடிபட்டவர் துணியில் ஒட்டிய துணுக்கின் அடுக்குகளும் சந்தேகப்படும் காரின் அடுக்குகளும் பொருந்துகின்றனவா என்று தடய அறிவியல் கூடத்தில் பார்ப்பார்களாம்.

கேமராவில் நான்

இவ்வளவுக்கும் பிறகும் என் மனசு ஒப்பவில்லை. "என்ன இருந்தாலும் நான் பார்த்தேனே சார்!" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. கம்ப்யூட்டரில் ஒரு படம் போட்டுக் காட்டினார். சந்து முனை மளிகைக் கடையின் கேமரா. மோதிய இடம் அதில் விழவில்லை. சந்துக்கு முன்னால் ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்கும் ஒரு வேனின் பாதி தெரிந்தது, கீரைக்காரி தெரிந்தாள், அவளுக்கு எதிரே கூடையோடு குனிந்து நான் தெரிந்தேன். ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு!

நான் ஒரு கீரைக் கட்டை எடுக்கிறேன், வைக்கிறேன், இன்னொன்றை எடுக்கிறேன். திடீரென்று கீரைக்காரி எழுந்து நிற்கிறாள். அதற்குப் பிறகுதான் நான் திரும்புகிறேன்.

நான் எதையும் பார்க்கவே இல்லை. சத்தம் கேட்டுத் திரும்பினேன், அவ்வளவுதான். கிடக்கிற ஸ்கூட்டரையும் நிற்கிற காரையும் பார்த்து, நடந்ததை மனசே பின்னிக்கொண்டது. கூட்டத்தில் நாலு பேர் "கார்க்காரன் கண்ணு மண்ணு தெரியாம வந்தான்" என்று பேசியதும் அதில் கலந்துவிட்டது. போதாததற்கு, அவசரப்படுத்தி அனுப்பினது நான்தானே என்ற குற்ற உணர்ச்சி. தப்பு முழுக்க அந்த டிரைவர் மேல் இருந்தால்தானே என் மேல் இல்லாமல் இருக்கும்?

"பொய் சொல்றது வேற, தெரியாம சொல்றது வேறம்மா. சாட்சிங்க நிறையப் பேர் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தவங்கதான். அதனாலதான் நாங்க ரோட்டையும் வண்டியையும் கேட்கறோம்" என்றார் அவர்.

இது நேற்று இன்று வந்த சிக்கல் இல்லை. இங்கிலாந்தில் மோட்டார் கார் மோதி இறந்த முதல் பாதசாரி என்று சொல்லப்படுகிறவர் பிரிட்ஜெட் டிரிஸ்கால் என்ற பெண்மணி. என்னைப் போல் நாற்பதுகளில் இருந்த ஒரு தாய். 1896 ஆகஸ்ட் 17-ஆம் தேதி லண்டனில் மகளோடு போய்க்கொண்டிருந்தபோது நடந்தது. விசாரணையில் ஒரு சாட்சி, நல்ல குதிரை பாய்கிற வேகத்தில் கார் வந்தது என்றார். ஓட்டியவரோ மணிக்கு 4 மைல்தான் என்றார். எதை நம்புவது? கடைசியில் 'தற்செயலான மரணம்' என்று தீர்ப்பாயிற்று. அதற்குச் சரியாகப் பதினைந்து நாள் கழித்து, 1896 செப்டம்பர் 1-ஆம் தேதி, மதுரையிலிருந்து கிளம்பிய ஒரு பதினாறு வயதுப் பையன் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தார். ரமண மகரிஷி! 'நான் யார்?' என்று உள்ளுக்குள் விசாரிக்கச் சொன்னவர். விசாரணை என்ற சொல் போலீஸ் ஸ்டேஷனிலும் உண்டு, எதிரே ஆசிரமத்திலும் உண்டு. எனக்கு அன்று இரண்டும் சேர்ந்தே நடந்தது.

தப்பு யார் பேரில்?

நம் ஊரில் சின்ன வண்டியும் பெரிய வண்டியும் மோதினால் பெரிய வண்டிதான் குற்றவாளி. கூட்டம் அப்படித்தான் தீர்ப்புச் சொல்லும். மனுநீதிச் சோழன் கதையில்கூட தேரை ஓட்டிய இளவரசனுக்குத்தான் தண்டனை. கன்று துள்ளி வந்து தேர்க்காலில் விழுந்தது என்று பெரிய புராணமே சொன்னாலும், ராஜா அதைப் பார்க்கவில்லை. ஆனால் இன்றைய சட்டம் அதையும் பார்க்கச் சொல்கிறது. தப்பு ஒருவர் பேரிலேதான் இருக்க வேண்டும் என்பதில்லை. பங்கு போட்டுப் பார்க்கும்.

எங்கள் விஷயத்தில் பங்கு இப்படி வந்தது. சந்திலிருந்து பெரிய ரோட்டில் ஏறுகிறவன் நின்று, வலது பக்கம் பார்த்துவிட்டு ஏற வேண்டும். பையன் நிற்கவில்லை, அகலமாகத் திரும்பிவிட்டான். கார் டிரைவர், நின்றிருந்த வேனைத் தாண்டும்போது மறைவிலிருந்து யாராவது வரலாம் என்று வேகத்தைக் குறைத்திருக்க வேண்டும். அவன் குறைக்கவில்லை. சந்தை மறைத்து வேனை நிறுத்தியவர் பெரிய தப்பு செய்தவர். ஆனால் போலீஸ் வருவதற்குள் அவர் கிளம்பிப் போய்விட்டார். கேமராவில் நம்பர் விழவில்லை.

இன்னொரு பங்கும் இருந்தது. எங்கள் ஸ்கூட்டரின் பின் பிரேக் தேய்ந்து போயிருந்தது என்று பிரேக் இன்ஸ்பெக்டர் எழுதியிருந்தார். நான் தினம் ஓட்டுகிற வண்டி. 'அடுத்த மாசம் சர்வீஸுக்கு விடலாம், இப்ப பணம் இடிக்குது' என்று மூன்று மாதம் தள்ளிப் போட்டவளும் நான்தான்.

வீட்டுக்கு வந்து ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. வாக்குமூலத்தைத் திருத்தினால் நஷ்ட ஈடு குறையும். நாத்தனார் தையல் தைத்துப் பிள்ளையைப் படிக்க வைக்கிறவள். திருத்தாவிட்டால், அறை வாங்கிக்கொண்டே ஆம்புலன்ஸைக் கூப்பிட்ட அந்தப் பையனின் லைசென்ஸும் பிழைப்பும் போய்விடும். என் கணவரிடம் கேட்டேன். "நீ பார்த்ததை மட்டும் சொல்லு. அதுக்கு மேல நம்ம கையில இல்லை" என்றார்.

மறுநாள் போய்ச் சொல்லிவிட்டேன்: மோதியதை நான் பார்க்கவில்லை, சத்தம் கேட்டுத் திரும்பினேன்.

நாத்தனார் கொதித்துப் போனாள். "உங்க பிள்ளையா இருந்தா இப்படிச் சொல்லியிருப்பீங்களா அண்ணி?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி இன்னும் என் நெஞ்சில் குத்திக்கொண்டுதான் இருக்கிறது. ஐந்து மாதம் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை, பொங்கலுக்கும் வரவில்லை.

அவளைச் சமாதானம் செய்தது அவள் மகன்தான். கட்டுப் பிரித்து நடக்க ஆரம்பித்த பிறகு, "அம்மா, நான் நிக்கலை. அத்தை பொய் சொல்லியிருந்தா எனக்குத்தான் ராத்திரி தூக்கம் வந்திருக்காது" என்று அவனே சொன்னானாம். சொல்ல இவ்வளவு நாள் ஆயிற்றா என்று கேட்டதற்கு, "நீங்க எல்லாரும் எனக்காகச் சண்டை போட்டுக்கிட்டு இருந்தீங்க. பயமா இருந்துச்சு" என்றான். பெரியவர்கள் நாம் போடுகிற கூச்சலில் பிள்ளைகள் உண்மை சொல்லக்கூட வழியில்லாமல் போகிறது, பாருங்கள்!

அந்த டிரைவர் மீதான வழக்கு அபராதத்தோடு முடிந்தது, லைசென்ஸ் தப்பியது. நஷ்ட ஈட்டு வழக்கு மக்கள் நீதிமன்றத்தில் சமரசமாயிற்று. பையன் பங்குக்கு உண்டான தவற்றைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைக் காரின் இன்ஷூரன்ஸ் கொடுத்தது. வைத்தியச் செலவுக்கும் படிப்புக்கும் அது போதுமானதாக இருந்தது.

தெரிந்துகொள்ள வேண்டியவை

கிரிமினல் வழக்கு வேறு, நஷ்ட ஈட்டு வழக்கு வேறு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அலட்சியமாக வண்டி ஓட்டுவது 281-ஆவது பிரிவில் வருகிறது. அங்கே சந்தேகத்துக்கு இடமில்லாமல் குற்றம் நிரூபணமாக வேண்டும். மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலோ, எது நடந்திருக்கக் கூடியது என்று சீர்தூக்கிப் பார்த்தாலே போதும். அங்கே மனுப் போட விபத்து நடந்த நாளிலிருந்து 6 மாதம்தான் கெடு. தள்ளிப் போடாதீர்கள்.

தப்பு யார் பேரில் என்று நிரூபிக்காமலே கிடைக்கிற இழப்பீடும் உண்டு. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 164-ஆவது பிரிவுப்படி உயிரிழப்புக்கு 5 லட்சம் ரூபாய், பலத்த காயத்துக்கு இரண்டரை லட்சம் ரூபாய். இடித்துவிட்டு ஓடிய வண்டி எது என்றே தெரியாவிட்டால், 2022 ஏப்ரல் முதல் உள்ள திட்டப்படி உயிரிழப்புக்கு 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50,000.

2022 ஏப்ரல் முதல், போலீஸார் 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையும், 90 நாளுக்குள் விரிவான அறிக்கையும் தீர்ப்பாயத்துக்குக் கொடுக்க வேண்டும். இந்த விவரங்களையெல்லாம் சேர்க்கிற கம்ப்யூட்டர் ஏற்பாட்டை உருவாக்கியதில் சென்னை ஐ.ஐ.டி.க்குப் பங்கு உண்டு. விபத்து நடந்த இடத்திலிருந்தே போலீஸார் போனில் படமும் விவரமும் ஏற்றிவிடுகிறார்கள்.

இன்றைய கார்களில் சில, விபத்துக்கு முந்தைய விநாடிகளின் வேகத்தையும் பிரேக்கையும் தாமே பதிந்து வைத்துக் கொள்கின்றன. 2022 செப்டம்பர் 4-ஆம் தேதி மும்பைக்குப் போகும் வழியில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்த விபத்தில், பிரேக் போட்டபோது 100 கிலோமீட்டர், மோதும்போது 89 என்று கார் கம்பெனி அந்தப் பதிவிலிருந்துதான் எடுத்துக் கொடுத்தது. பின் சீட்டில் இருந்த அவர் பெல்ட் போட்டிருக்கவில்லை என்பதும் தெரிந்தது. பின் சீட்டில்தானே நாமும் குழந்தைகளும் உட்காருகிறோம்?

இல்லத்தரசிகளுக்கு ஒன்று. விபத்தில் இறந்தவர் 'சும்மா வீட்டில் இருந்தவர்' என்று இனி யாரும் தள்ளிவிட முடியாது. சமைப்பது, பிள்ளை வளர்ப்பது, பெரியவர்களைப் பார்த்துக்கொள்வது எல்லாவற்றுக்கும் வருமான மதிப்புப் போட்டு இழப்பீடு கணக்கிட வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 2021 ஜனவரியில் மறுபடியும் வலியுறுத்தியிருக்கிறது.

விபத்து நடந்தால் முதலில் உயிர், 108-ஐக் கூப்பிடுங்கள். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். உதவி செய்தால் வழக்கில் மாட்டிக்கொள்வோம் என்று ஒதுங்காதீர்கள். உதவுகிறவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று 134-ஏ பிரிவு பாதுகாப்புத் தருகிறது. அடிபட்டவரைக் கவனிக்க ஆள் இருந்தால், கையில் உள்ள போனில் நாலு பக்கமும் படம் எடுங்கள்: வண்டிகள் நிற்கிற நிலை, டயர் கோடு, சிதறிய கண்ணாடி, பக்கத்தில் நிறுத்தியிருக்கும் வண்டிகளின் நம்பர். அந்த வேனின் நம்பரை யாராவது ஒருவர் படம் பிடித்திருந்தால்! எந்தக் கடையில் கேமரா இருக்கிறது என்று பார்த்து, மறுநாளே போலீஸாரிடம் சொல்லுங்கள். நாளானால் படம் அழிந்துவிடும். ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் எப்படி அடிபட்டது என்று கேட்டு எழுதுவார்கள். அங்கே உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். எஃப்.ஐ.ஆர். நகலையும் காயச் சான்றிதழையும் பத்திரமாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சாட்சி சொல்லப் போனால், "இதைப் பார்த்தேன், இதைக் கேட்டேன், இது பிறர் சொன்னது" என்று மூன்றையும் பிரித்துச் சொல்லுங்கள். பார்க்காததைப் "பார்க்கவில்லை" என்று சொல்வதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை.

எங்கள் செங்கம் ரோட்டில் விபத்துகள் குறைந்துவிடவில்லை. 2023 அக்டோபரில் செங்கம் பக்கம் அடுத்தடுத்து நடந்த இரண்டு விபத்துகளில் எத்தனை குடும்பங்கள் நிலைகுலைந்தன என்று இந்தப் பக்கத்துக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

ஸ்கூட்டரை இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு தடவை சர்வீஸுக்கு விடுகிறேன். ஹெல்மெட்டை ஆணியிலிருந்து எடுத்து வண்டியின் சீட் மேலேயே வைத்துவிட்டேன். அதை எடுக்காமல் உட்கார முடியாது! யாரை வெளியே அனுப்பினாலும் "சட்டுனு போய்ட்டு வா" என்று சொல்வதில்லை. "மெதுவாப் போய்ட்டு வா" என்கிறேன்.

போன மாதம் நாத்தனார் வந்திருந்தாள். இரண்டு பேருமாகக் கீரை வாங்கப் போனோம். நான் குனிந்து கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, "அண்ணி, ரோட்டைப் பார்த்து நில்லுங்க" என்று என் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டுச் சிரித்தாள். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அந்த இடத்தில் நானும் சிரித்தேன்.